மூடியில் அழிந்த எண்

அரசு நிதியில் வாங்கிய இயந்திரம் எதுவானாலும், அதில் உற்பத்தியாளர் பொறித்திருக்கும் வரிசை எண்ணைப் பார்த்து இருப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதன் பிறகு பொருளின் மேல் அலுவலக எண்ணைப் பெயின்டால் எழுத வேண்டும். பதிந்தவர் தேதியிட்டுச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். விதி இதுதான். கல்வித் துறை அலுவலகங்களில் முப்பத்தைந்து வருடம் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியை எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அதன்படி எழுதப்பட்ட பதிவேடு ஒன்றைக் கண்ணால் பார்த்த ஞாபகம் மட்டும் இல்லை.

பழைய கணினிகளைச் சரிசெய்யும் நம் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்வி கேட்டீர்கள். முதல் திருகாணியைத் தொடுவதற்கு முன்னால் பெட்டியின் ஆறு பக்கத்தையும் வெளியிலிருந்து படம் எடுக்கச் சொல்கிறோமே, வேலை உள்ளேதானே, வெளியே என்ன இருக்கிறது என்று. சௌந்தர் சிரித்துவிட்டு, "சார் எழுதிக் குடுப்பாக" என்று என்னைக் கைகாட்டினார். அவர் சிரித்த சிரிப்புக்கு அர்த்தம் உண்டு. எழுதிவிடுகிறேன்.

நாம் உயிரோடு வைத்திருக்கும் இந்தக் கணினியை உங்களில் சிலர் முதலில் பொம்மை என்று நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விசைப்பலகையும் மூளையும் ஒரே பெட்டிக்குள். படம் பார்க்க ஒரு பழைய டிவி வேண்டும், நிரல் ஏற்ற ஒரு டேப் ரெக்கார்டர் வேண்டும். இன்றைக்குக் கைபேசியின் சார்ஜருக்குக்கூட அதைவிட அறிவு அதிகம் என்கிறார்கள். எண்பதுகளில் சில அரசுப் பள்ளிகளுக்கு இது பள்ளிக்கு ஒன்றாக வந்தது. வந்த வருடமே பெரும்பாலான தலைமை ஆசிரியர்கள் அதை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். விலை கூடிய பொருள், கெட்டால் யார் பதில் சொல்வது? அந்தப் பயத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பூட்டி வைத்ததால்தான் இன்னும் இருக்கிறது.

அப்படிப் பூட்டி வைத்த ஒன்று, திருச்சுழிக்குத் தெற்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இருந்தது. அங்கே ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தவர் கலாராணி. அப்பாவும் அம்மாவும் ஊரார் காட்டில் களையெடுத்தும் பருத்தி எடுத்தும் படிக்க வைத்த பெண். அவர் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கும் முதல் ஆள். இருப்புப் பதிவேடு அவர் பொறுப்பில். வருடா வருடம் அந்தக் கணினிக்கு நேரே "பழுது" என்று எழுத அவருக்கு மனம் ஒப்பவில்லை. பழுதா இல்லையா என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் ஓட்டிப் பார்க்கவில்லையே என்பது அவர் வாதம். நியாயமான வாதம். அலுவலகங்களில் இப்படி யோசிப்பவர்களுக்குத்தான் சிக்கல் வரும்.

அருப்புக்கோட்டையில் விசைத்தறி மோட்டார், போர்டு பழுது பார்க்கும் சௌந்தர் இந்த வகைக் கணினிகளைச் சரிசெய்கிறார் என்று கேள்விப்பட்டு, தலைமை ஆசிரியரிடம் வாய்ச்சொல்லாக அனுமதி வாங்கிக்கொண்டு, கணினியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். நடத்துநர் தையல் மிஷின் என்று சொல்லி லக்கேஜ் டிக்கெட் கிழித்தாராம். எழுத்துப்பூர்வமாக அந்தக் கணினி பள்ளியை விட்டு வெளியே வந்ததற்கு இருக்கும் ஒரே அத்தாட்சி அந்த டிக்கெட்தான். அதிலும் தையல் மிஷின்.

நம் குழுவின் வேலை முறை உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தறிகள் ஓடாது, சௌந்தர் பட்டறையில் கூடுவோம். திறப்பவர் உள்ளே ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுப்பார். மூடுவதற்கு முன் தன் பெயர், தேதி, என்ன செய்தார் என்று ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுவார். உலகத்தில் இந்தக் கணினியை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. உத்தரவு போட்டிருந்தால் செய்திருக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

சௌந்தர் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் அதை ஓட வைத்தார். மின்வழங்கியில் ஒரு கண்டென்சர் வெடிக்கக் காத்திருந்தது, அதை மாற்றினார். வீரசோழனில் கேபிள் டிவி நடத்தும் ஜமால் பாய் தன் பழைய டிவியைக் கொண்டுவந்தார். திரையில் முதல் எழுத்து விழுந்ததும் கலாராணி கைதட்டினாராம். அந்த மகிழ்ச்சியில் சௌந்தர் ஒரு காரியம் செய்தார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழுப்பேறிக் கிடந்த மேல்மூடியை வெள்ளையாக்கிக் கொடுக்க நினைத்தார். தின்னரால் துடைத்து, தலைச்சாயக் கடையில் வாங்கிய பெராக்சைடு கிரீமைப் பூசி, பாலித்தீன் சுற்றி, நம் ஊர் வெயிலில் ஒரு பகல் முழுக்க வைத்தார். நம் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, வெயிலுக்குக் கிடையாது. மூடி அன்று கடையிலிருந்து வந்ததுபோல் ஆகிவிட்டது.

மூடியில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்த பள்ளியின் பெயரும் இருப்பு எண்ணும் தின்னரோடு போய்விட்டன.

நான் இந்தக் கதைக்குள் வந்தது அதற்குப் பிறகு, ஒரு வியாழக்கிழமை மத்தியானம். என் வீட்டுக்கு கேபிள் இணைப்பு ஜமால் பாயுடையது. அவர், சௌந்தர், கலாராணி மூவரும் வாசலில் வந்து நின்றார்கள். மறுநாள் பதினொரு மணிக்குப் பள்ளியில் இருப்புச் சரிபார்ப்பு. கணினி திரும்பப் பள்ளிக்குப் போய்விட்டது. ஆனால் எண் இல்லை.

"எண்ணு இல்லேன்னா என்ன சார் பண்ணுவாக?" என்றார் கலாராணி.

"பதிவேட்டில் இருக்கும் கணினி காணவில்லை, அதற்குப் பதிலாக வேறொன்று வைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதுவார்கள்."

"வேறொண்ணா? இத வேற எங்க போயி வாங்குறது சார்? கடையில விக்கிறாகளா?"

"அது அவர்கள் கேள்வி இல்லை. உங்களுக்குத் தகுதிகாண் பருவம் எப்போது முடிகிறது?"

"இன்னும் ரெண்டு மாசம்."

தகுதிகாண் பருவம் முடியும் நேரத்தில் அரசுப் பொருளை மாற்றிவைத்தார் என்று கோப்பில் ஒரு வரி ஏறினால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏலே சௌந்தரு, போட்டோ எடுத்தியே, அதுல எண்ணு இருக்கும்ல?" என்றார் ஜமால் பாய்.

சௌந்தர் கைபேசியை நீட்டினார். அறுபத்துமூன்று படங்கள். அத்தனையும் போர்டு. ஒவ்வொரு சில்லும், ஒவ்வொரு ஒயரும், ஒவ்வொரு ஈயப் புள்ளியும் துல்லியமாக இருந்தன. மேல்மூடி ஒரு படத்தில்கூட இல்லை. அதைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் படம் எடுக்கவே ஆரம்பித்திருக்கிறார்.

"மூடியில என்ன இருக்கு பாய், பிளாஸ்டிக்குதான்னு நெனச்சேன்" என்றார் சௌந்தர்.

"கல்யாண வீட்டுக்குப் போயி குடலுக்கு எக்ஸ்ரே எடுத்தவன் நீதாண்டா. பொண்ணு மாப்ள மூஞ்சிய ஒருத்தனும் எடுக்கல."

இந்தத் தவற்றை நம்மைப் போன்ற ஆட்கள்தான் செய்ய முடியும். சாதாரண மனிதன் ஒரு பெட்டியின் வெளிப்புறத்தைத்தான் முதலில் பார்ப்பான்.

நான் பதிவேட்டுப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். "கணினி – ஒன்று. நல்ல நிலை." வரிசை எண்ணுக்கான கட்டம் காலி. அது மட்டும் எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை. கணினியின் அடியில் உற்பத்தியாளர் ஒட்டிய தகடும் அதில் எண்ணும் பத்திரமாக இருந்தன. ஒப்பிட்டுக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கட்டத்தின் ஓரத்தில் ஒரு சுருக்கொப்பம். அதைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் நகலை மடித்து மேசையில் வைத்தேன்.

பிறகு நான் சொன்ன யோசனையை மறைக்காமல் எழுதுகிறேன். எண்ணைத் திரும்ப எழுதிவிடலாம் என்றேன். அதோடு விட்டேனா? எனாமல் பெயின்ட் வேண்டாம், பளபளக்கும், வாசனை காட்டிக்கொடுக்கும் என்றேன். காய்ந்ததும் பாத்திரம் தேய்க்கும் நாரால் லேசாகத் தேய்க்க வேண்டும், எழுத்தின் ஓரங்களில் கொஞ்சம் கரியைத் தடவ வேண்டும், ஓர் இலக்கத்தைப் பாதி உதிர்ந்ததுபோல் விட வேண்டும் என்றேன். விதியை நன்றாகத் தெரிந்தவனுக்கு அதைச் சுற்றிப் போகும் பாதையும் நன்றாகத் தெரியும். இதை உங்களில் யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜமால் பாய் மட்டும் பாராட்டினார். "சார் இதுல பெரிய கையா இருக்காகளே! ஆனா உள்ள சீட்டு ஒட்டிருக்கே. 'மேல்மூடி சுத்தம் செய்தேன், பழைய பெயின்ட் எடுத்தேன்'னு இவன் கையெழுத்தோட இருக்கு. அதக் கிழிச்சிருவோம்."

"சீட்டக் கிழிக்கக் கூடாது" என்றார் சௌந்தர்.

"ஏலே, அந்தப் புள்ள வேலைக்கு ஆபத்துங்குறேன், நீ சீட்டுக்கு அழுவுற."

"பாய், நான் அந்த போர்டத் தொறந்தப்ப உள்ள ஒரு ஒயரு குறுக்க இழுத்திருந்துச்சு. பக்கத்துல ஒரு சீட்டு. எவனோ ஒரு மெக்கானிக்கு, பேருகூடத் தெரியல, அந்தக் காலத்துல கேரண்டி டயத்துல வந்து பாத்தவன். 'இந்த ஒயரை எடுக்காதே, போர்டில் இந்த இடம் எரிந்துவிட்டது'ன்னு எழுதியிருந்தான். அத நம்பித்தான் எடுக்காம விட்டேன். எடுத்திருந்தா செத்திருக்கும். அவன் எழுதுனத நான் நம்புனேன். நான் எழுதுனத நானே கிழிச்சா, நாளைக்கு எவன் நம்புவான்?" பிறகு என்னைப் பார்த்தார். "பெயின்டும் வேணாம் சார். அழிச்சது நான். அழிச்சேன்னு எழுதித் தாரேன். எவ்வளவு பெரிய ஆபீசர் வந்தாலும் அதத்தான் சொல்லுவேன்."

"உனக்கென்ன, உன்ன வேலைய விட்டு எடுக்க முடியாது. தறிக்காரக எடுத்தாத்தான் உண்டு" என்றார் ஜமால் பாய், கொஞ்சம் கோபத்தோடு.

அது உண்மைதான். உண்மை பேசுவதன் செலவு சௌந்தருக்கு இல்லை, கலாராணிக்கு. அதனால் மூன்று பேரும் அவரைப் பார்த்தோம்.

"நாளைக்கு அவுக முன்னாடி நிக்கப்போறது நான்" என்றார். "சின்ன வயசுலேருந்து எனக்குப் பொய் சொல்ல வராது சார், மூஞ்சி காட்டிக் குடுத்துரும். நெசத்தையே சொல்றேன். அண்ணே, நீங்க எழுதிக் குடுங்க."

இதற்கு மேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனிதனே இல்லை. மடித்து வைத்த நகலை விரித்தேன். அந்தச் சுருக்கொப்பத்தைக் காட்டினேன்.

"இது நான்" என்றேன்.

பணியில் சேர்ந்த புதிதில், அந்தக் கணினிகள் வந்தபோது பள்ளி பள்ளியாகப் போய்ப் பதிவு செய்து வர அனுப்பப்பட்ட இளநிலை உதவியாளன் நான்தான். அன்று நான்கு பள்ளிகள். கணினி தெர்மகோலுக்குள் இருந்தது. பிரித்து எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தால்தான் அடியில் உள்ள எண் தெரியும். அருப்புக்கோட்டை பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பிரிக்காத பெட்டியைப் பார்த்து "நல்ல நிலை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

கலாராணி நகலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இந்தக் கோழிக்கிறுக்கல் யாரோடதுன்னு ரெண்டு வருசமாத் திட்டிக்கிட்டு இருந்தேன் சார்" என்றார். ஜமால் பாய் சிரித்துச் சிரித்துத் திண்டாடிப்போனார். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று மாலையே இரண்டு வாக்குமூலங்கள் தயாராயின, சௌந்தருடையது ஒன்று, என்னுடையது ஒன்று. என்னுடையதை எழுதத்தான் நேரம் பிடித்தது. மற்றவர்களின் தவறுகளுக்கு வாசகம் அமைத்துப் பழகிய கை.

மறுநாள் பள்ளிக்கு நான்கு பேரும் போனோம். சரிபார்ப்பு அலுவலர் பக்கத்து வட்டத்திலிருந்து வந்தவர். சிடுசிடுப்பு இல்லாத, அவசரமும் இல்லாத மனிதர். கணினியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இவ்வளவு புதுசா இருக்கு. இது அந்தக் கணினிதான்னு நான் எத வச்சு நம்புறது?"

கலாராணி நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. சௌந்தர் மூடியைத் திறந்து சீட்டைக் காட்டினார். அலுவலர் கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுவதையும் வாசித்தார். பழைய மெக்கானிக்கின் சீட்டையும் வாசித்தார்.

"ஒரு பொருளுக்கு என்ன ரிப்பேர் பாத்தோம்னு யாரும் இப்படி எழுதி வச்சு நான் பாத்ததே இல்லம்மா" என்றார். "நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா நான் நம்புறேன்னு எழுதக் கட்டம் இல்ல. கண்டத எழுதணும். அடையாளம் உறுதி செய்ய முடியலன்னுதான் எழுதுவேன். வாக்குமூலம் ரெண்டையும் இணைச்சிருதேன்."

அவர் செய்தது சரி. அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். கணினியைத் தலைமை ஆசிரியர் அறையில் பூட்டி முத்திரை வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் கலாராணிக்குக் குறிப்பாணை வந்தது. வைத்திருக்கும் கணினி பள்ளிக்கு வழங்கப்பட்ட அதே கணினிதான் என்று ஆதாரத்துடன் பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

ஆதாரத்துக்கு எங்கே போவது? அனுப்பிய நிறுவனம் இப்போது இல்லை. அலுவலகத்தில் அந்தக் காலக் கோப்புகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன. எனக்குத் தெரியும், அழிக்க ஒப்புதல் கொடுத்த குறிப்பில் என் கையெழுத்தும் உண்டு. இந்த இடத்தில் என் முப்பத்தைந்து வருட ஞானம் தீர்ந்துபோயிற்று. நம் குழுவின் ஞானம் தொடங்கியது.

சௌந்தர், இந்தக் கணினி வைத்திருப்பவர்கள் உலவும் இணையக் குழுக்கள் எல்லாவற்றிலும் தகட்டு எண்ணைப் போட்டு, பள்ளிகளுக்கு அனுப்பிய பட்டியல் யாரிடமாவது உண்டா என்று கேட்டார். நான் மனதுக்குள் சிரித்தேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய அனுப்புச்சீட்டை எந்தப் பைத்தியக்காரன் வைத்திருப்பான்?

வைத்திருந்தார். வடக்கே வேறொரு மாநிலத்தில் இருப்பவர். பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது, குழுவில் ஒரு புனைபெயரில் இருக்கிறார். புதியவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் ஒரே வரியில் பதில் சொல்வார், அந்த வரி சரியாக இருக்கும். சௌந்தருக்கு இந்தத் தொழிலில் பாதியைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பல வருடம் முன்னால், கையேடுகளுக்காக, அந்த நிறுவனம் இருந்த ஊரின் பழைய இரும்புக் கடையில் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார். பெட்டிக்குள் கிடந்த தெர்மகோலையும் எறியவில்லை, தெர்மகோலுக்கு அடியில் ஒட்டியிருந்த தாளையும் எறியவில்லை. நம் பகுதியில் பத்துப் பள்ளிகளின் பெயர்கள், நேரே பத்து வரிசை எண்கள், அனுப்பியவரின் முத்திரை. ஒன்பதாவது வரியில் நம் பள்ளி. தகட்டில் உள்ள அதே எண்.

கைபேசியில் வந்த படத்தைப் பார்த்து எல்லோரும் குதித்தார்கள். படம் செல்லாது, அசல் வேண்டும் என்று சொல்லும் கொடுமையான வேலை எனக்கு. தயங்கித் தயங்கிக் கேட்டோம். ஒரு வாரத்தில் பதிவுத் தபாலில் அசல் வந்தது, அனுப்புநர் இடத்திலும் அதே புனைபெயர். கூடவே ஒரு துண்டுத் தாள். "இது என்னிடம் இருப்பதைவிட உங்களிடம் இருப்பது சரி. பெட்டியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்." முகம் பார்க்காத ஒரு பெண்ணின் வேலைக்காக, தன் சேகரிப்பில் அரிதான ஒன்றை அந்த மனிதர் பிய்த்துக் கொடுத்தார். பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதச் சம்பளம் வாங்கியவன் நான், எழுதவில்லை. யாரும் கேட்காமல் அதைக் காப்பாற்றியவர் அவர். இந்தக் குழுவைப் பற்றி நான் கேலியாகப் பேசுவதை அன்றோடு நிறுத்தினேன். பெரும்பாலும்.

பதினான்காவது நாள் விளக்கம் நேரில் கொடுக்கப்பட்டது. ஒப்புகை வாங்கப்பட்டது. பிறகு அமைதி.

கலாராணியோடு சேர்ந்தவர்களுக்கெல்லாம் தகுதிகாண் பருவம் முடிந்த உத்தரவு வந்தது, அவருக்கு மட்டும் வரவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தினார். சௌந்தர் பட்டறையில் வேறு இரண்டு கணினிகள் திறந்தபடி கிடந்தன, அவர் தொடவில்லை. "கைய வச்சா அடுத்து யாரு வேலை போகுமோ" என்றார். ஜமால் பாய்கூட அதைக் கேட்டுக் கேலி செய்யவில்லை.

நான் கலாராணிக்காக நினைவூட்டுக் கடிதங்களின் வாசகத்தை எழுதிக் கொடுத்தேன். முதல் நினைவூட்டைக் கோப்பில் சேர்ப்பார்கள். இரண்டாவதை முதலாவதன் மேல் வைப்பார்கள். மூன்றாவது வந்தால் கோப்பைத் தேடுவார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மூன்றாவதை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். "பார்க்கிறோம் சார், உட்காருங்க" என்றார். அந்த "பார்க்கிறோம்" நான் கற்றுக்கொடுத்தது.

இந்த அனுபவத்திலிருந்து உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு பக்கமும் படம் எடுங்கள், சீட்டு எழுதுங்கள். இரண்டுமே வேலை முடிந்த பிறகு யாரும் பார்க்காத காரியங்கள். நெருக்கடி வந்தால், விதி தெரிந்த ஆள் முதலில் சொல்லும் யோசனையைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, சீட்டு எழுதியவனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரு மத்தியானம் கலாராணியிடமிருந்து அழைப்பு வந்தது.

"சார், வந்துருச்சு."

"படியுங்கள்."

"கண்ணு மறைக்குது சார். எச்செம் படிப்பாக." தலைமை ஆசிரியர் கைபேசியை வாங்கி, பள்ளி ஆண்டு விழாவில் வாழ்த்துரை வாசிப்பதுபோல் உரக்க வாசித்தார். விளக்கம் ஏற்கப்படுகிறது. மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது. தகுதிகாண் பருவத்தை உரிய நாளிலேயே நிறைவு செய்ததாக அறிவிக்கப்படுகிறது. பின்னால் கலாராணி யாரிடமோ, "சாவியக் குடுங்க, முத்திரைய ஒடைக்கணும், சௌந்தர் அண்ணன வரச் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

பழக்கம் விடாது, தேதி கேட்டேன். உத்தரவு கையெழுத்தானது ஜனவரி இருபத்தெட்டு. அந்த அலுவலகத்திலிருந்து பள்ளிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பள்ளிக்கு வந்து சேர்ந்தது மார்ச் பதினாறு, திங்கட்கிழமை.